மழை குறையவில்லை, ஓடை மட்டும் இளைத்துவிட்டது. எங்கே தேடுவது?

கரைநடையாளன் எழுதியது:

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடுகிறது. ஓடை என்பது நான் கொடுக்கும் மரியாதை. கால் நீண்டவர் ஒரே தாவலில் தாண்டிவிடுவார். சாலைக்கு அடியில் வரும் சிமென்ட் குழாயிலிருந்து வெளியே வந்து, நூற்றைம்பது மீட்டர் தூரம் வெயிலைப் பார்த்துவிட்டு, ஒரு பழைய தடுப்புச் சுவரில் விழுந்து மறுபடியும் குழாய்க்குள் போய்விடும். அந்த நூற்றைம்பது மீட்டர்தான் நான்கு ஆண்டுகளாக என் காலை நடை.

நடுவழியில் குதிரைச் சேணம்போல் முதுகு குழிந்த கல் ஒன்று கிடக்கிறது. ஒரு மீன்கொத்தி அதில்தான் வந்து உட்காரும். நான் அதைப் படம் எடுப்பேன். ஒரே கல், ஒரே பறவை, ஒரே கோணம். வீட்டில் கேலி செய்யாதவர் இல்லை.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். அந்தக் கல்லின் இடுப்பளவுக்கு நின்ற தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. பாசி பிடித்திருந்த பாகம் காய்ந்து, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. மீன்கொத்தியைக் காணவில்லை. மழை பொய்த்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. வானிலைப் பதிவின்படி சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பெய்திருக்கிறது.

ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பருவநிலை மாற்றம் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். காவலாளி, மேலே யாரோ மோட்டார் வைத்து இறைக்கிறார்கள் என்கிறார். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். ஒருவர் வந்து பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்த்தார். “ஓடை என்றால் கூடும், குறையும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வண்டியின் இன்ஜினைக்கூட அவர் அணைக்கவில்லை.

என்னிடம் ஒரு வாளி, ஓர் அளவு நாடா, ஒரு கைபேசி இருக்கின்றன. நேரம் நிறைய இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? குழாய்க்குள் இறங்கிப் பார்க்கலாமா என்றும் ஒரு யோசனை.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

காவலாளி சொல்வதுதான் சரி. தண்ணீர் தானாகக் காணாமல் போகாது. கரையோரமாக நடந்து, புதருக்குள் கறுப்பு ஹோஸ் ஏதாவது மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரவில் போனால் மோட்டார் சத்தமும் கேட்கும். எனக்கு இதில் அனுபவம் உண்டு.

பழைய சர்வேயர் எழுதியது:

முதலில் அந்த யோசனையை விடுங்கள். குழாய்க்குள் இறங்காதீர்கள். மூடிய வடிகாலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தங்கியிருக்கும். செறிவு கூடினால் அதன் நாற்றம் மூக்குக்கே தெரியாமல் போய்விடும். மேலே எங்கோ பெய்த மழை உங்களுக்குத் தெரியாமல் வந்து சேரும். வெளியே இருந்தே இந்த வழக்கை முக்கால்வாசி முடித்துவிடலாம்.

திருடனைத் தேடுவதற்கு முன், எப்போது குறைந்தது என்று பாருங்கள். நகரத்து ஓடை இளைப்பதற்கு இரண்டு விதமான நடை உண்டு. ஒன்று, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. மேட்டுப்பகுதியில் வீடும் தாரும் சிமென்டும் பெருகப் பெருக மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் வடிகாலில் ஓடிவிடும். மழை இல்லாத நாளில் ஓடையை ஓட வைப்பது நிலத்தடியிலிருந்து கசிந்து வரும் நீர்தான். அந்தச் சேமிப்பு குறைந்தால் ஓடையும் மெல்ல இளைக்கும். மழை நாளில் அதே ஓடை கரை உடைய ஓடும் என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. இன்னொன்று, ஒரே வாரத்தில் படியிறங்குவதுபோல் டக்கென்று இறங்குவது. அப்படி என்றால் யாரோ எதையோ திறந்திருக்கிறார்கள் அல்லது மூடியிருக்கிறார்கள் என்று பொருள். புதிய கட்டடத்தின் அடித்தளக் குழியில் நீர் இறைப்பு, ஓடைக்கு இணையாகப் போகும் கழிவுநீர்க் குழாயில் விரிசல், மேலே ஒரு மதகு, இப்படி ஏதாவது ஒன்று.

இதற்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம் எந்த அலுவலகத்திலும் இருக்காது. நான்கு ஆண்டுகளாக ஒரே கல்லை ஒரே கோணத்தில் படம் எடுத்திருக்கிறீர்கள் ஐயா! ஒவ்வொரு படத்திலும் தேதி இருக்கும். கல்லின் அகலத்தை நாடாவால் அளந்துகொண்டு, அதை அளவுகோலாக வைத்து, தண்ணீருக்கு மேலே எத்தனை சென்டிமீட்டர் கல் தெரிகிறது என்று படம் படமாகக் குறியுங்கள். முந்தைய மூன்று நாட்களில் மழை பெய்த படங்களை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது, தண்ணீர் வழியில் தொலைகிறதா, அல்லது வரும்போதே குறைவாக வருகிறதா? ஒரே நாளில், ஒரே மணி நேரத்துக்குள், குழாய் வாயிலிலும் சுவர் பக்கத்திலும் அளக்க வேண்டும். ஒரே மணி நேரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: கரையில் மரங்கள் இருந்தால் பகலில் அவை உறிஞ்சும். சின்ன ஓடைகள் விடியற்காலையில் கொழுத்தும், பிற்பகலில் மெலிந்தும் இருக்கும்.

அந்தத் தடுப்புச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். தண்ணீர் அதன் மேல் எப்படி விழுகிறது?

கரைநடையாளன் எழுதியது:

சுவர் முழுக்க வழிவதில்லை. நடுவில் ஒரு துருப்பிடித்த இரும்புத் தகடு பதித்திருக்கிறார்கள். அதில் ஆங்கில எழுத்து ‘வி’ போல ஒரு வெட்டு. தண்ணீர் அதன் வழியாக விழுகிறது. உடைந்துபோன தகடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய சர்வேயர் எழுதியது:

உடைந்த தகடா! யாரோ ஒரு காலத்தில் இந்த ஓடையை அளப்பதற்காக வைத்துவிட்டு மறந்துபோன கருவி அது. தாம்சன் வெட்டு என்று நாங்கள் படித்தோம். கெல்வின் பிரபுவின் அண்ணன் ஜேம்ஸ் தாம்சன் 19ஆம் நூற்றாண்டில் சோதித்துச் சொன்னது. சின்ன ஓட்டத்தை அளப்பதற்கு இதைவிட நாணயமான ஆளை நான் பார்த்ததில்லை.

முதலில் வெட்டின் மேல் அகலம் அதன் ஆழத்தைப்போல் இரு மடங்கா என்று பாருங்கள். ஆம் என்றால் அது 90 பாகைக் கோணம். பிறகு, வெட்டின் கீழ் முனையிலிருந்து நீர்மட்டம் எத்தனை உயரம் என்று அளக்க வேண்டும். வெட்டிலேயே நாடாவை வைத்து அளந்துவிடாதீர்கள். விழப்போகும் தண்ணீர் அங்கே வருவதற்கு முன்பே சரியத் தொடங்கிவிடும். உயரத்தைப்போல் நான்கு மடங்கு தூரமாவது பின்னால் போய் அளக்க வேண்டும். ஒரு நேரான பலகையும் ரசமட்டமும் வைத்து, கீழ் முனையின் மட்டத்தைப் பக்கச் சுவருக்குக் கொண்டுபோய் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இனி அந்தக் கோடுதான் உங்கள் பூஜ்யம்.

உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் 2.5ஆம் அடுக்கை 1.38ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 10 செ.மீ. என்றால் நொடிக்கு ஏறக்குறைய 4.4 லிட்டர். 5 செ.மீ. என்றால் பாதி அல்ல, முக்கால் லிட்டர்தான். கண்ணுக்குக் கொஞ்சம் இறங்கியதுபோல் தெரிவது கணக்கில் பெரிய இழப்பாக இருக்கும்.

நம்பிக்கை வர வேண்டும் என்றால், விழும் தண்ணீருக்கு அடியில் 10 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பாருங்கள். குழாய் வாயிலில் வெட்டு இல்லை என்பதால் அங்கே மிதவைதான்: பாதி நீர் நிரப்பிய சின்ன பாட்டிலை ஐந்து மீட்டர் நேரான இடத்தில் விட்டு நேரம் பார்த்து, அந்த வேகத்தை அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்குங்கள். மேற்பரப்பு எப்போதும் அவசரக்காரன். அதனால் விடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆழமான, வழவழப்பான கால்வாய் என்றால் 0.85ஆல் பெருக்குவார்கள். உங்களுடையது கல்லும் சரளையும்; 0.7 போதும்.

ஆய்வகத் தோழி எழுதியது:

அளவோடு சேர்த்துத் தண்ணீரின் குணத்தையும் பாருங்கள். மழை இல்லாத நாளில் நகர ஓடையில் ஓடுவது எல்லாம் ஊற்று நீர் என்று நினைக்கக் கூடாது. குடிநீர்க் குழாய்க் கசிவு, தோட்டத்துக்குப் பாய்ச்சி வழிந்தது, தவறாக இணைக்கப்பட்ட கழிவுநீர் என்று பல வரவுகள் உண்டு. நகரமயமான ஓடைகளின் கோளாறுகளுக்கு 2005 வாக்கில் ஆய்வாளர்கள் ‘நகர ஓடை நோய்க்குறி’ என்று பெயர் வைத்தார்கள். அதில் திடீர் வெள்ளம், கரை அரிப்பு போன்றவை எல்லா ஊர் ஓடைகளிலும் ஒன்றுபோல் தெரியும். கோடைக்கால ஓட்டம் மட்டும் சில இடங்களில் குறையும், சில இடங்களில் கூடும். கூடுவதற்கு இந்தக் கசிவுகள் ஒரு முக்கியக் காரணம்.

வீட்டில் குடிநீர் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் எடுத்துப் போங்கள். அது உண்மையில் அளப்பது மின்கடத்துதிறனை. அதைக் கரைந்த உப்பாக மாற்றிக் காட்டுகிறது. ஓடை நீர், வீட்டுக் குழாய் நீர் இரண்டையும் அளந்து சொல்லுங்கள். குளோரின் பட்டையை நம்ப வேண்டாம்; மண்ணையும் இலையையும் தொட்ட உடனேயே குளோரின் செலவழிந்துவிடும். ஃப்ளூரைடு கலந்து குடிநீர் தரும் ஊர் என்றால் அது நல்ல அடையாளம். மண்ணில் அவ்வளவு எளிதில் தொலையாது.

எங்கள் பகுதி ஓடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அங்கே தண்ணீர் எங்கும் போகவே இல்லை. மேலே நடந்த கட்டுமானத்திலிருந்து அடித்து வந்த சரளை அரை மீட்டருக்குப் படிந்து, ஓட்டம் அதற்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. கையால் ஒரு குழி தோண்டினோம், கணுக்கை ஆழத்தில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. நீங்களும் ஒருமுறை தோண்டிப் பாருங்கள்.

கரைநடையாளன் எழுதியது:

ஒன்பது நாட்கள் கழித்து வருகிறேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழி தோண்டினேன். களிமண்தான் வந்தது. சரளைக்கு அடியில் ஓட்டம் இல்லை.

தகடு: மேல் அகலம் 60 செ.மீ., ஆழம் 30. அதாவது 90 பாகை. ரசமட்டத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கினேன். பருவநிலை மாற்றத்தை மறந்துவிட்டு அவரும் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். கோட்டிலிருந்து நீர்மட்டம் 7 செ.மீ. கணக்குப்படி நொடிக்கு 1.8 லிட்டர். வாளி 5.6 நொடியில் நிரம்பியது. அதுவும் 1.8தான். இரண்டும் ஒத்துப்போனபோது நாங்கள் இருவரும் தண்ணீரில் நின்றுகொண்டு கைகுலுக்கிக்கொண்டோம் என்பதை இங்கே மட்டும் சொல்கிறேன்.

குழாய் வாயிலுக்குக் கீழே ஓடை 60 செ.மீ. அகலம், சராசரியாக 4 செ.மீ. ஆழம். பாட்டில் ஐந்து மீட்டரைக் கடக்க 45 நொடி எடுத்தது. 0.7ஆல் பெருக்கினால் நொடிக்கு 1.9 லிட்டர் வருகிறது. ஆக, என் நூற்றைம்பது மீட்டரில் எதுவும் தொலையவில்லை. வரும்போதே இளைத்துத்தான் வருகிறது. சந்தேகப்பேர்வழி மன்னிக்க வேண்டும், புதருக்குள் ஹோஸ் எதுவும் இல்லை. ஒரு ஒற்றைச் செருப்பு இருந்தது.

பக்கச் சுவரில் கோடு போட்ட இடத்துக்கு மேலே பழைய பாசியின் விளிம்பு காய்ந்துபோய் ஒரு நாடாபோல் நேராகத் தெரிகிறது. பூஜ்யத்திலிருந்து அது 11 செ.மீ. அதைக் கணக்கில் போட்டால் நொடிக்கு 5.5 லிட்டர். அப்படியானால் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

இனி படங்கள். ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. மழைநாள் படங்களைக் கழித்தபின் ஒருவழியாக நானூறு தேறின. மூன்றே முக்கால் ஆண்டுகள் கல்லுக்கும் தண்ணீருக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் ஏற்ற இறக்கம். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமைக்கும் அடுத்த சனிக்கிழமைக்கும் நடுவில் தண்ணீர் இறங்குகிறது. அதற்குப் பின் ஏறவே இல்லை. நீங்கள் சொன்ன அதே படிக்கட்டு.

அந்த வியாழக்கிழமை எடுத்த படம் ஒன்று இருக்கிறது. மீன்கொத்தி அருமையாகத் திரும்பிப் பார்க்கிறது. ஆனால் பின்னணியில், மேலே சாலையில், மஞ்சள் தடுப்புப் பலகைகளும் பள்ளம் தோண்டும் இயந்திரத்தின் கையும் வந்து படத்தைக் கெடுத்துவிட்டன. அன்றைக்கு எரிச்சலில் அழிக்கப் போனேன். பறவையின் கண்ணில் வெளிச்சம் சரியாக விழுந்திருந்ததால் விட்டுவைத்தேன்.

அடுத்து டி.டி.எஸ். ஓடையில் 390, வீட்டுக் குழாயில் 110. இதை வைத்து என்ன செய்வது என்று விழித்தபோது என் தம்பி மகள் நினைவுக்கு வந்தாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பள்ளிச் செயல்திட்டத்துக்காக இதே மீட்டரோடு என்னுடன் வந்து ஓடையை அளந்தாள். அவளுடைய நோட்டைத் தேடி எடுத்தோம். பச்சை மையில், இரண்டு முறை அடிக்கோடிட்டு, “ஓடை 205, குழாய் 110” என்று எழுதியிருக்கிறாள்.

எனக்கு ஓரளவு விளங்குகிறது. ஆனால் நீங்கள் சொன்னால்தான் நம்புவேன்.

ஆய்வகத் தோழி எழுதியது:

அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்!

இன்றைய 390ஐ ஓடையின் சொந்த நீர் என்று வைத்துக்கொள்வோம். அதோடு 110 உள்ள குழாய் நீர் எவ்வளவு கலந்தால் 205 வரும்? 390க்கும் 205க்கும் இடைவெளி 185. 390க்கும் 110க்கும் இடைவெளி 280. 185ஐ 280ஆல் வகுத்தால் 0.66. அன்றைக்கு உங்கள் ஓடையில் ஓடியதில் மூன்றில் இரண்டு பங்கு குடிநீர்.

பாசிக் கோடு சொன்னதும் மூன்றில் இரண்டு, உப்பும் மூன்றில் இரண்டு. நிலத்தடி நீரின் உப்பு பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் மாறும், மீட்டரும் பொன் தராசு அல்ல. அதனால் தசமத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுக்கின்றன.

பழைய சர்வேயர் எழுதியது:

நொடிக்கு 3.7 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு மூன்று லட்சத்து இருபதாயிரம் லிட்டர். பெரிய குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போய், பக்கத்திலிருந்த மழைநீர் வடிகாலுக்குள் இறங்கியிருக்க வேண்டும். சாலை மேலே ஈரம் தெரியாததால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த வாரம் சாலையைத் தோண்டி அதைத்தான் அடைத்திருப்பார்கள். போய்க் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். படத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

அப்படியானால் திருட்டு நடந்தது உண்மைதான். இத்தனை வருடம் திருடிக்கொண்டிருந்தது ஓடை! நான் சொன்னதில் பாதி சரி என்று பதிவு செய்துகொள்கிறேன்.

கரைநடையாளன் எழுதியது:

கேட்டுவிட்டேன். வேறு அலுவலகம், வேறு ஆள். தேதியைச் சொன்னதும் பதிவேட்டைப் புரட்டி, பிரதான குழாயின் இணைப்பு மாற்றப்பட்டது என்று காட்டினார். எத்தனை நாளாகக் கசிந்ததோ தெரியாது, இரவில் அழுத்தம் குறைவதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம் என்று பெருமையாகச் சொன்னார். பெருமைப்பட வேண்டிய வேலைதான். புகார் எழுதுவதற்காகக் கொண்டுபோன தாளை மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது: எனக்குக் கொஞ்சம் வருத்தம். நான்கு ஆண்டுகளாக இயற்கை என்று நினைத்து நான் படம் எடுத்தது ஓர் உடைந்த குழாயை. கல்லின் இடுப்புவரை நின்றது யாரோ சுத்திகரித்து, குளோரின் போட்டு, அழுத்தம் கொடுத்து அனுப்பிய தண்ணீர்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். கல்லைச் சுற்றி நாலைந்து பாறைகளை அடுக்கி, தண்ணீரைக் கொஞ்சம் தேக்கினால் மீன்குஞ்சுகள் நிற்கும், மீன்கொத்தியும் வருமா?

பழைய சர்வேயர் எழுதியது:

குறுக்கே அடுக்காதீர்கள். முதல் பெருமழையில் அந்தப் பாறைகள் உருண்டு போய்க் குழாய் வாயை அடைக்கும். மேலே இருக்கும் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும். தேக்குவதைவிட ஓடையைக் குறுக்குவதுதான் நல்லது: அகலத்தைப் பாதியாக்கினால் அதே 1.8 லிட்டர் ஆழமாக ஓடும். இருபுறமும் நாணல் நட்டே அதைச் செய்யலாம். ஆனால் ஓடையைப் பராமரிப்பவர்களிடம் கேட்காமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டாம்.

அதற்கு முன் ஓர் ஆண்டு அளந்து வாருங்கள். 1.8 உங்கள் ஓடையின் சொந்தச் சம்பாத்தியம். அது கோடையில் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று இதுவரை ஒருவருக்கும் தெரியாது. கசிவு அதை மறைத்துக்கொண்டிருந்தது.

கரைநடையாளன் எழுதியது:

சரி. நோட்டு வாங்கியாயிற்று. தம்பி மகள் பச்சைப் பேனாவைக் கொடுத்திருக்கிறாள்.

இன்று காலை 7 மணி: 6.8 செ.மீ., வாளிக்கு 6 நொடி, டி.டி.எஸ். 395. மீன்கொத்தி இல்லை. கல்லின் மேல் ஒரு தும்பி.